கை வரட்டுங்களா?

மாதேஷ் காலமான செய்தியை அவர் நடத்திய கேபிள் டிவிதான் எனக்குச் சொன்னது. போன சனிக்கிழமை மதியப் படம் தொடங்க வேண்டிய நேரத்தில் நீலத் திரை மட்டும் நின்றது. வழக்கமாகப் பிறந்தநாள் வாழ்த்துகள் ஓடுகிற அடிவரியில் கன்னட எழுத்துகள் நகர்ந்தன. கொள்ளேகாலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த மாதேஷ் மாரடைப்பால் இறந்துவிட்டார், உடல் சாயங்காலத்துக்குள் மைசூர் வந்துவிடும் என்றன. அதன் பின்னாலேயே ஒரு சேலைக் கடை விளம்பரமும் ஓடியது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

நம் ஞாயிற்றுக்கிழமை ஓவியக் குழுவில் இருந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர், பிறகு மைசூரில் நாங்கள் குடியிருக்கும் லேஅவுட்டுக்குக் கேபிள் இழுத்தார். நாங்கள் ஆளுக்கொரு வேலையில் இருந்துகொண்டு ஞாயிறு தோறும் ஒரு கார் ஷெட்டில் கூடிப் படம் வரைபவர்கள். வருடத்துக்கு ஒரு கண்காட்சி வைப்போம். என் படத்தை நீங்கள் பார்ப்பீர்கள், உங்கள் படத்தை நான் பார்ப்பேன், பிறகு காபி குடித்துவிட்டுக் கிளம்புவோம். ஷெட்டுக்குக் கேபிள் பழுதுபார்க்க வந்த மாதேஷ் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் யாருக்குங்க வரையறீங்க?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை.

தன் கேபிளில் சினிமா போடுவதற்கு முன்னால் எங்களுக்கு ஐந்து நிமிடம் தருவதாகச் சொன்னார். நாம் என்ன செய்தோம் என்று நினைவிருக்கிறதா? ஓவியத்தில் கோடு, வெளி என்று ஒரு நீண்ட உரை எழுதி, முடிந்த படங்களை வரிசையாக நிறுத்தி, கேசட்டாகக் கொடுத்தோம். அன்று அவர் வீட்டு போன் ஓயவில்லை. எல்லோரும் சினிமாவைப் போடு என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். மறுநாள் மாதேஷ் கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். "அக்கா, முடிஞ்சுபோனதை யாருங்க பாப்பாங்க? படத்தைக் காட்டாதீங்க, படம் வர்றதைக் காட்டுங்க. அதுலயும் நடுவுல நிறுத்தோணும். மிச்சம் என்ன ஆச்சுன்னு அவங்க நம்மளைத் தேடோணும்."

அவர் என்னைவிட இரண்டொரு வயது சின்னவராக இருக்கலாம். ஆனாலும் முதல் நாளிலிருந்தே அக்காதான். அவர் சொன்னபடியே, முனையில் இருக்கும் ரேஷன் கடை வரிசையைப் பாதி வரைந்து நிறுத்தினேன். அடுத்த நாள் காய் வண்டி ஜெயம்மா, பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுகிறவர், தக்காளியை எடை போட்டபடியே, "நின்னே டிவியல்லி நோடிதே, மேடம். வரிசையில கடைசி ஆளு யாரு, நானா?" என்று கேட்டார். நேற்று டிவியில் பார்த்தேன் என்று இந்த ஊரில் ஒருவர் எனக்குச் சொன்னது அதுதான் முதல் முறை. அன்றைக்கு அவரையே கடைசி ஆளாக வரைந்தேன். மாதேஷிடம் யோசனைகள் தீரவே தீராது. தப்பாக வரைந்ததை அழிப்பதைக் காட்டச் சொல்வார். படத்துக்குப் பெயர் வைக்கப் பார்ப்பவர்களைக் கேட்கச் சொல்வார். காய்ந்துபோன தூரிகையைக்கூட ஒருநாள் காட்டியிருக்கிறார்.

அவருடைய ஒரே ஒரு யோசனைக்கு மட்டும் நான் பிடிகொடுக்கவில்லை. "கையைக் காட்டுங்கக்கா. காயிதத்துல தானா கோடு ஓடுனா யாரு நம்புவா?" என்பார். நான் பேச்சை மாற்றிவிடுவேன். என் வலது கையில் விரல்களிலிருந்து மணிக்கட்டுக்கு மேல்வரை வெண்புள்ளிகள் உண்டு. தொற்றாது, வலிக்காது. ஆனால் அதற்குக் கன்னடத்தில் ஒரு சொல் இருக்கிறது, தமிழில் அதைவிட மோசமாக ஒரு சொல் இருக்கிறது, இரண்டையும் காதால் கேட்டிருக்கிறேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபித் தட்டை வாங்கும்போது என் கையைப் பார்த்துவிட்டு, காபியைக் குடிக்காமல் போயிருக்கிறார்கள். நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலை அலுவலகத்துக்கு ரயிலில் போகும்போது முழுக்கை ரவிக்கை, விரல்களின் மேல் கைப்பை. ஷெட்டில் உங்கள் முன்னால் மட்டும்தான் அந்தக் கை வெளியே வரும். படப்பிடிப்பின்போது மாதேஷ் காகிதத்தையும் தூரிகை நுனியையும் மட்டும் நெருக்கமாக எடுப்பார்.

ஒருநாள் காமிரா கொஞ்சம் பின்னால் நகர்ந்துவிட்டது. எனக்குத் தெரியாது. சாயங்காலம் அம்மாவோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது என் கை திரை முழுக்க வந்து ஒரு வாசல்படியை வரைந்தது. "ஊரே பார்த்துடுச்சு," என்றாள் அம்மா. எனக்கு உடம்பு முழுக்கச் சுட்டது. மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. மாதேஷ் வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "போன் மேல போனுங்கக்கா. அந்த அம்மா கையில வெள்ளைப் பெயிண்ட்டு ஒட்டியிருக்கு, கழுவக்கூட நேரமில்லாம வரையுதேன்னு கேக்கறாங்க. ஆமாங்க, பெயிண்ட்டுதான்னு சொல்லிட்டேன்." நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். சிரித்து முடித்தபோது எனக்கு அழுகை வந்தது, அதை மட்டும் அவர் போன பிறகு அழுதேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை இப்போது எழுதும்போதும் முகம் சூடாகிறது. காமிராவுக்கு முன்னால் உட்காரும் முன், தட்டிலிருந்து நீலத்தையும் மஞ்சளையும் எடுத்துப் புள்ளிகளுக்கு இடையில் அங்கங்கே தொட்டு வைத்துக்கொள்வேன். வெள்ளையும் அவற்றோடு சேர்ந்து பெயிண்ட் ஆகிவிடும். மாதேஷ் காமிராவைத் தோளில் வைத்துக்கொண்டு, "கை வரட்டுங்களா?" என்று கேட்பார். "இருங்க," என்பேன். பூசி முடிக்கும்வரை அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். "ம்," என்றதும் காமிரா பின்னால் நகரும். ஜெயம்மாவும், "என்ன மேடம், இன்னிக்கும் கை கழுவலியா?" என்று கேட்டபடியே மிச்சக் காசைக் கையில் வைப்பார். எல்லோரும் அதைப் பெயிண்ட் என்றே நினைக்கிறார்கள் என்று நான் நம்பினேன் என்பதைவிட, நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஒருமுறை கரண்ட் போய் நாங்கள் காத்திருந்தபோது மாதேஷ், "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்," என்று தொடங்கினார். அவர் கண் என் கைமேல் இருந்தது. "கரண்ட் எப்ப வரும்னு போன் பண்ணிக் கேளுங்களேன்," என்றேன். அவர் எழுந்து போனார்.

போன சனிக்கிழமை சாயங்காலம் உடல் வந்தது. போய் மாலை போட்டேன். மாதேஷின் மனைவி மல்லிகா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. கிளம்பும்போது, துக்க வீட்டிலிருந்து போகிறவர்கள் கைகால் கழுவ வாசலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார் ஜெயம்மா. நான் கையை நீட்டினேன். வீட்டிலிருந்து அப்படியே கிளம்பி வந்தவள், கையில் நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை. வெள்ளை மட்டும் இருந்தது. தண்ணீர் விழுந்தது. கழுவக் கழுவ அது அப்படியே இருந்தது. என் வாய் தானாகச் சொன்னது, "பெயிண்ட்... சீக்கிரம் போகாது."

அவர் உடல் உள்ளே கிடக்கும்போது அதைச் சொன்னேன்.

ஜெயம்மா இன்னொரு சொம்பு மொண்டு ஊற்றினார். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "மேடம், எங்க எல்லாருக்கும் மொதல் நாளே தெரியும். மாதேஷண்ணாதான் வீடு வீடா சொன்னாரு. பெயிண்ட்டுன்னே பேசுங்க, இல்லேன்னா அக்கா வரையறதை நிறுத்திரும்னு. இனிமேலும் அப்படியே சொல்லணும்னா சொல்றோம், தப்பில்ல."

வீட்டுக்கு நடந்தபோது ஒவ்வொரு ஜன்னலையும் பார்த்துப் பார்த்துக் கூசினேன். இத்தனை நாளும் நான் காட்டினேன், அவர்கள் பார்த்தார்கள் என்று நினைத்திருந்தேன். உண்மையில் லேஅவுட் முழுவதும் எனக்காக நடித்துக்கொண்டிருந்தது, பார்த்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். மாதேஷ் மேல் கோபமும் வந்தது. இரக்கப்பட அவர் யார் என்று வாய்விட்டுக்கூடக் கேட்டேன். அப்புறம்தான் கரண்ட் போன அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. அவர் சொல்ல வந்தார், நான்தான் எழுப்பி அனுப்பினேன். எதையும் நடுவில் நிறுத்தச் சொல்வார், இதை மட்டும் முடிக்கப் பார்த்திருக்கிறார்.

உங்களுக்கும் தெரிந்திருக்கும், இல்லையா? நான் பூசிக்கொள்ளும்போது ஷெட்டில் ஒருவர்கூட எதற்கு என்று கேட்டதில்லை. வேலை முடிந்ததும் யாராவது ஒருவர் துடைக்கத் துணி நீட்டுவீர்கள், நீலத்தையும் மஞ்சளையும் துடைத்துவிட்டு ரவிக்கைக் கையை இழுத்துவிட்டுக்கொள்வேன். அந்தத் துணியை நினைத்தால்தான் இப்போது அதிகம் வெட்கமாக இருக்கிறது. உங்கள் யாரையும் நான் குறை சொல்லவில்லை.

நேற்று மல்லிகா ஷெட்டுக்கு வந்திருந்தார். கேபிளை இனி அவர்தான் நடத்தப்போகிறார். படத்துக்கு முன்னால் அந்த ஐந்து நிமிடத்தை நிறுத்தக் கூடாது என்றார். மாதேஷையே வரைகிறேன் என்று சொல்லி உட்கார்ந்தேன். ஏணிமேல் நின்று கம்பத்தில் ஒயர் கட்டுகிற மாதேஷ். முதல் நாளுக்கு ஏணியும் கால்களும் மட்டும். மல்லிகா காமிராவைத் தோளில் சாய்த்துக்கொண்டார். கனம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றார்.

அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொள்வது எது என்று இதை எழுதத் தொடங்கியதிலிருந்து யோசிக்கிறேன். யோசனைகளை நாம் எல்லோரும் பங்குபோட்டுக்கொள்ளலாம். அந்தக் கேள்வி மட்டும் என்னுடையது. காமிராவைத் தூக்கிய ஒவ்வொரு தடவையும் அவர் அதைக் கேட்டார். ஒரு தடவைகூடக் கேட்காமல் எடுத்துவிடவில்லை. காமிரா பின்னால் நகர்ந்துவிட்ட அந்த முதல் நாள்கூடக் கை தவறி நடந்ததுதான் என்று நம்புகிறேன். இது மட்டும் சௌகரியத்துக்காக நம்புவதில்லை.

"கை வரட்டுங்களா, அக்கா?" என்று மல்லிகா கேட்டார்.

தட்டில் நீலமும் மஞ்சளும் ஈரமாக இருந்தன. கை என்னை அறியாமல் அந்தப் பக்கம் போனது. வெட்கம் போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். அது அங்கேயேதான் இருந்தது, காதுவரை சுட்டது. கையைத் திருப்பிக் காகிதத்தின் மேல் வைத்தேன்.

"வரட்டும்," என்றேன்.