ஏரிக்கு வந்த ஐஸ்டௌகர்

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டுப் பனிக்காலத்தில் நான் ஜேர்மனியின் ஹம் நகரில் வீட்டுப் பராமரிப்பு வேலை செய்துகொண்டிருந்தேன். சேவை நிலையத்தின் சின்ன வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு காலையில் வீடுவீடாகப் போய், படுக்கையில் இருப்பவர்களைக் கழுவி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். லிப்பே ஆற்றுப் பக்கம், சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று முன்பு கட்டிய சிவப்புச் செங்கல் வீடுகளில் ஒன்று என் காலைச் சுற்றில் இரண்டாவது வீடு.

அங்கே இருந்தவர் நிலக்கரிச் சுரங்கத்தில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முந்திய கோடையில் பாரிசவாதம் வந்து அவருடைய வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது 'யா' என்ற ஒரே சொல். ஜேர்மனில் அதற்கு ஓம் என்று பொருள். ஆனால் அவர் வாயில் அது ஓமாகவும் இருக்கும், இல்லையாகவும் இருக்கும். தண்ணீர் சுடுகிறதா என்று கேட்டால் யா. குளிர்கிறதா என்றாலும் யா. முகத்தைப் பார்த்து நான்தான் ஊகிக்க வேண்டும். பல நாள் என் ஊகம் பிழையாகப் போனது. அப்போதெல்லாம் இடது கையால் கட்டில் சட்டத்தில் அடிப்பார். பிறகு களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொள்வார்.

அவருடைய மனைவி கட்டையான, சுறுசுறுப்பான மனுசி. காது சரியாகக் கேட்காது. முகத்துக்கு நேரே நின்று சத்தமாகச் சொன்னால் விளங்கிக்கொள்வார். ரெலிபோனில் ஒன்றும் விளங்காது. அதனால் நான் நிற்கிற நேரத்தில் வருகிற அழைப்புகளை நானே எடுப்பேன். அவர்கள் எல்லாரும் பேசியது ஜேர்மன்தான். ஆனால் என் நினைவில் அது எங்கட தமிழாகவே இருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

காலையில் தவறாமல் அழைப்பவர், கட்டிலில் கிடப்பவரின் பழைய நண்பர். இரண்டு பேரும் ஒரே சுரங்கத்தில் வேலை செய்தவர்கள், ஒன்றாகப் பறவை பார்க்கப் போனவர்கள். பனிக்காலத்தில் வடக்கே இருந்து, வழக்கமாக இந்தப் பக்கம் வராத பறவைகள் சில ஒதுங்கி வந்து சேரும். எந்த ஊரில் எது நிற்கிறது என்று பறவை பார்ப்பவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அந்தச் செய்திகளையெல்லாம் நண்பர் சேர்த்துவைத்துக் காலையில் சொல்லுவார். நான் ஒரு கையால் ரெலிபோனை அவர் காதில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் காலுறையை இழுத்துவிடுவேன். ஸோஸ்ட் நகரில் சூப்பர்மார்க்கெட்டுக்கு முன்னால் கார் நிறுத்துமிடத்து மரத்தில் பட்டுவால் பறவைக் கூட்டம் ஒன்று பழம் தின்கிறது, ரூர் ஆற்றில் இரண்டு வெள்ளை வாத்துகள், வயல் வெளியில் ஒரு துருவத்து ஆந்தை என்று யாரோ சொன்னார்கள், போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக் பை. கடைசிச் செய்தி எனக்கும் கேட்டது, நான் சிரித்துவிட்டேன். அவருடைய வாயின் இடது ஓரமும் மெல்ல ஏறியது.

எனக்குப் பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தக் கொஞ்ச நேரம் அவர் கட்டிலை அடிக்காமல் இருப்பார் என்பது மட்டும் தெரியும்.

தை மாதம் ஒரு வியாழக்கிழமை, ரெலிபோனைக் காதில் வைத்துக் கொஞ்ச நேரத்துக்குள் அவர் உடம்பெல்லாம் விறைத்தது. "யா, யா" என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டு இடது முழங்கையை ஊன்றி எழும்பப் பார்த்தார். கட்டிலின் விளிம்பிலிருந்து சரிந்தவரை நான் நெஞ்சோடு அணைத்துத்தான் பிடித்தேன். ரெலிபோன் நிலத்தில் விழுந்தது. அவரைப் படுக்க வைத்துவிட்டு அதை எடுத்து, "என்ன சொன்னனீங்கள் அவருக்கு?" என்று நண்பரைக் கேட்டேன்.

"ஐஸ்டௌகர்," என்றார் அவர். "மோனே ஏரியில நிக்குது."

ஐஸ் என்றால் பனிக்கட்டி. டௌகர் என்றால் முக்குளிப்பவர். எங்கோ ஐஸ்லாந்துப் பக்கம் முட்டையிட்டு, பனிக்காலத்தைக் கடலில் கழிக்கிற பறவையாம். உள்நாட்டு ஏரிக்கு வருவது மிக அபூர்வம். "நாங்கள் ரெண்டு பேரும் அதைத் தேடித் தேடி அலைஞ்சனாங்கள். எங்கையாவது நிக்குதெண்டு கேள்விப்பட்டுப் போவம், முதல் நாள் போயிருக்கும். இப்ப என்ர வீட்டு வாசலில வந்து நிக்குது. நான் சொல்லியிருக்கக்கூடாதோ தெரியேல்லை."

ஏரி ஹம்மிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட இல்லை. அன்று வேலை முடிந்ததும், சேவை நிலையத்துக் காரில் அவரை அங்கே கொண்டுபோகலாமா என்று எங்கள் மேலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. "எங்கட காரில ஆக்களை ஏத்தேலாது. வழியில ஏதும் நடந்தால் காப்புறுதி இல்லை. எனக்கும் விருப்பம்தான், ஆனால் ஏலாது," என்றார். நோயாளரை ஏற்றும் வண்டி வைத்தியரிடம் போவதற்கு மட்டும்தான் வரும். பறவை பார்க்க வராது.

அடுத்த நாள், மியூனிக்கில் இருக்கும் அவர்களுடைய மகளுக்கு ரெலிபோன் எடுக்கச் சொல்லி மனைவி என்னிடம் கேட்டார். நான்தான் பேசினேன். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வெளியில எத்தினை பாகை குளிர் தெரியுமோ? அப்பாவுக்கு நியூமோனியா வந்தால் நீங்கள் பொறுப்பெடுப்பியளோ?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "வேண்டாமெண்டு சொல்லுறாளோ?"

"ஓம்."

"அவள் மியூனிக்கில இருக்கிறாள். நான்தான் இவரோட இருக்கிறன்," என்றார். கட்டிலைப் பார்த்தார். அதில் அவர் அந்தப் பேச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டு, கண் வெட்டாமல் எங்களைப் பார்த்தபடி கிடந்தார். "உங்களுக்கு ஆரையும் தெரியுமோ, பெரிய கார் வைச்சிருக்கிற ஆக்கள்?" என்று மனைவி கேட்டார்.

என் கணவர் தமிழ்க் கடை ஒன்றுக்கு மரக்கறி ஏற்றி இறக்கும் வான் ஓட்டினார். இரவுச் சாப்பாட்டின்போது அவரிடம் சொன்னேன்.

"விசர்க்கதை கதையாதையும்," என்றார். "ஒரு குருவியைக் காட்டவோ அந்த மனுசனை இந்தக் குளிருக்குள்ள கொண்டுபோகப் போறீர்?"

"குருவியில்லை. தாராவைவிடப் பெரிசாம்."

"சரி, தாராவெண்டே வைப்பம். வழியில ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது? உம்மட வேலையும் போகும்."

"மனுசி ஓமெண்டு சொல்லிப்போட்டா. நான் லீவு நாளிலதானே போறன்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "பின்சீற்றைக் கழட்டினால்தான் வீல்செயார் ஏறும்," என்றார்.

சனிக்கிழமை காலையில் நண்பர், "இண்டைக்கும் நிக்குது," என்றார். ஆனால் ஏரியின் ஓரங்களில் பனிக்கட்டி பிடிக்கத் தொடங்கிவிட்டதாம். தண்ணீர் மூடினால் பறவை போய்விடும். அன்று கட்டிலில் கிடந்தவர் ஒன்றும் சாப்பிடவில்லை. கரண்டியைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசைக்குப் போகவில்லை. அவருக்கு இரண்டு காற்சட்டை, மூன்று மேற்சட்டை, தொப்பி, எல்லாவற்றுக்கும் மேலே கம்பளி போட்டுச் சுற்றினோம். வானுக்குள் கொத்தமல்லியும் வெங்காயமும் மணத்தது. என் கணவர் வீல்செயாரைப் பட்டியால் கட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். மனைவி பக்கத்தில் ஒரு பெட்டிமேல் இருந்துகொண்டு அவருடைய செயலிழந்த கையைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தார். வழி நெடுகப் பனி மூடிய வயல்கள்.

அணைக்கட்டின் மேல் காற்று கத்திபோல வீசியது. ஏழெட்டுப் பேர் முக்காலியில் பூட்டிய தொலைநோக்கிகளோடு நின்றார்கள். அந்தக் காலையில் தண்ணீர் கறுத்துக் கிடந்தது. உயரமான, மெலிந்த மனிதர் ஒருவர் எங்களைக் கண்டதும் ஓடிவந்தார். நண்பர் அவர்தான். அவ்வளவு நாளும் குரலாக மட்டுமே எனக்குத் தெரிந்தவர். அவர் குனிந்து இவருடைய முகத்தைத் தன் இரண்டு கையுறைக் கைகளாலும் பிடித்தார். "நிக்குது," என்றார். "உனக்காகத்தான் நிக்குது."

மற்றவர்கள் வழி விட்டார்கள். ஒருவர் தன் தொலைநோக்கியின் கால்களைக் குறுக்கி, வீல்செயாரின் உயரத்துக்கு இறக்கினார். நண்பர் முதலில் என்னைப் பார்க்கச் சொன்னார், அவருக்கு எங்கே காட்டுவது என்று எனக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக. நான் ஒரு கண்ணை மூடி மற்றக் கண்ணை வைத்தேன். முதலில் அலை மட்டும். பிறகு அது வந்தது. தண்ணீரில் அரைவாசி அமிழ்ந்த, நீண்ட சாம்பல் உடம்பு. வெள்ளைக் கழுத்து. தடித்த கூர்மையான அலகு. தலையைத் தண்ணீருக்குள் விட்டு எதையோ பார்த்தது. அடுத்த கணம் ஒரு துளி தெறிக்காமல் உள்ளே போய்விட்டது.

அவரை வீல்செயாரோடு முன்னே தள்ளினோம். அவருடைய தலை நிலையாக நிற்கவில்லை. கண் கண்ணாடிக்கு நேரே வரும், உடனே விலகும். மூச்சுப் பட்டுக் கண்ணாடி புகைந்தது. நண்பர் துடைத்தார். காற்றில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதை மனைவி துடைத்தார். பறவை மேலே வந்தபோது நண்பர் தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பி, "இப்ப, இப்ப," என்றார். வீல்செயாரில் இருந்தவர் ஆவலில் இடது கையைத் தூக்க, அது முக்காலியில் தட்டுப்பட்டு எல்லாம் மாறிப்போனது. மறுபடி தேடிப் பிடிப்பதற்குள் பறவை முக்குளித்துவிட்டது. அது மேலே வர எடுக்கும் நேரமும், எங்கே வரும் என்பதும் ஒருவருக்கும் தெரியாது.

பிறகு என் கணவர் முன்னுக்கு வந்தார். தன் கையுறைகளைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். வீல்செயாருக்குப் பின்னால் நின்று, இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தத் தலையைப் பூசணிக்காயைப் பிடிப்பதுபோலப் பத்திரமாகப் பிடித்து, கண்ணைக் கண்ணாடியில் பொருத்தி வைத்தார். "நான் பிடிச்சிருக்கிறன், நீங்கள் பாருங்கோ," என்றார், தமிழில். நான் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன். பறவை மேலே வந்தது. நான் வெறுங்கண்ணால் அந்தக் கறுப்புப் புள்ளியைக் கண்டேன். நண்பர் தொலைநோக்கியைத் திருகினார்.

"காணுறியோ?" என்று நண்பர் கேட்டார்.

"யா."

"உண்மையாகவோ? வெள்ளைக் கழுத்து தெரியுதோ?"

"யா."

"அல்லது தண்ணி மட்டுமோ?"

"யா."

நண்பர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் அவர் முகத்தைப் பார்த்து ஊகிக்கிறவள் நான் என்று அவருக்குத் தெரியும். நான் குனிந்து அந்த முகத்தைப் பார்த்தேன். குளிரில் அது மரத்துப்போய் இருந்தது. ஊகிக்க அங்கே ஒன்றும் இல்லை. பிறகு அவர் அழத் தொடங்கினார், வாய் கோணி, சத்தமாக. பாரிசவாதம் வந்தவர்களுக்குக் காரணம் இல்லாமலும் அழுகை வரும் என்று எங்களுக்குப் படிப்பிக்கும்போது சொல்லியிருந்தார்கள். ஒரு முறை, சூப்பில் கரட் துண்டைக் கண்டும் அவர் அப்படி அழுதிருக்கிறார். அதனால் அந்தக் கண்ணீரிலும் நான் எதையும் வாசிக்க முடியவில்லை.

அவருடைய உதடு நீலமாகத் தொடங்கியது. "போதும், போவம்," என்றேன். அங்கே நின்ற ஒருவர் வானுக்குள் ஏற்றக் கைகொடுத்தார். கதவைச் சாத்தும்போது, பறவை கரைக்குக் கிட்ட வந்துவிட்டது என்று யாரோ சொன்னது எனக்குக் கேட்டது. நான் திரும்பவில்லை. அவரை மறுபடி இறக்குவது நடவாத காரியம்.

பாதி வழியில் மனைவி என் தோளைத் தட்டினார். "கண்டவரோ?" என்று கேட்டார். தனக்குக் கேட்காததால் மற்றவர்களுக்கும் கேட்காது என்பதுபோல எப்போதும் உரத்துத்தான் பேசுவார்.

அவருடைய முகத்துக்கு நேரே திரும்பி, "எனக்குத் தெரியேல்லை," என்றேன்.

அவர் தலையாட்டினார். என் கணவர் சூடாக்கியை இன்னும் கூட்டிவிட்டார்.

மகள் பயந்ததுபோல நியூமோனியா வரவில்லை. ஏரி அடுத்த கிழமை பனிக்கட்டியால் மூடியது, பறவை போய்விட்டது. பங்குனி மாதத்தில் அவருக்கு இரண்டாம் முறை வாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பக்கத்து ஊர் முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு நாள் வேலை முடிய ரயில் எடுத்துப் போய்ப் பார்த்தேன். ஜன்னல் அவருடைய தலைமாட்டுக்குப் பின்னால் இருந்தது. அவர் பார்க்கக்கூடியது எதிர்ச்சுவரை மட்டும். அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் கட்டிலைத் திருப்ப முடியாதா என்று கேட்டேன்.

"ஒக்சிஜன் குழாயும் மணியும் இந்தச் சுவரிலதான் இருக்கு. திருப்பினால் எட்டாது," என்றார்.

நானும் அதே வேலை செய்கிறவள். அவர் சொன்னதில் பொய் இல்லை என்று ஒரு பார்வையில் தெரிந்தது. ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் என்னை அடையாளம் கண்டாரா என்று சொல்ல முடியாது. வெளியே தோட்டத்தில் சின்னச் சின்னக் குருவிகள் கத்திக்கொண்டிருந்தன. என்ன குருவி என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்குப் பெயர் சொல்லவும் என்னால் முடியவில்லை. ரயிலுக்கு நேரமாகும்வரை கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

சித்திரை முடிவதற்குள் அவர் இறந்துபோனார். மேலாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கு முதலே அந்தக் காலை நேரத்தில் என்னை வேறு தெருவில் ஒரு வீட்டுக்குப் போட்டிருந்தார்கள். அங்கே இருந்தவர் சீனி வியாதியில் ஒரு கால் எடுக்கப்பட்ட அம்மா. நன்றாகக் கதைப்பார். நான் மணி அடித்தால் உள்ளே இருந்தே, "திறந்துதான் கிடக்குது, வாங்கோ," என்பார்.