ஈரத்தை வடிக்கும் இயந்திரமும் திறந்த சன்னலும்

இந்த மழையில் பக்கத்து வீட்டுச் செல்லப்பன் காயப்போட்ட ரப்பர் ஷீட்டுகள் பூசணம் பிடிக்கத் தொடங்கின. பூசணம் பிடித்தால் நல்ல விலைக்குப் போகாது.

பழைய ஃபிரிட்ஜைப் பிரித்து, காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக வடிக்கும் இயந்திரம் ஒன்று செய்து, ஷீட்டுகள் தொங்கும் அறையில் நேற்று வைத்தேன்.

இன்று போய்ப் பார்த்தால் அதன் கீழே வைத்த வாளி நிரம்பி வழிகிறது. ஷீட்டுகளில் ஈரம் அப்படியே இருக்கிறது. சன்னல்கள் எல்லாம் திறந்து கிடக்கின்றன.

"சன்னல எதுக்குவே தொறந்தீரு?"

"அடச்சுப் போட்டா உள்ள இருக்க காத்து தீந்து போவும்லா சாரே? பொறவு மிஷின் எதுல இருந்து தண்ணி எடுக்கும்?"

சன்னல் திறந்திருந்தால் வெளியிலுள்ள ஈரம் வந்துகொண்டே இருக்கும் என்று விளக்க, கடற்கரையில் குழி தோண்டினால், இறைக்க இறைக்கத் தண்ணீர் ஊறுவதை உதாரணமாகச் சொன்னேன்.

"அப்போ ஊத்து நல்லாத்தான் இருக்கு சாரே. வாளிதான் சின்னது."

வேறு உதாரணம் இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். கதவையும் திறந்துவிடக் கிளம்பிவிட்டார்.