கேட்காத பாவமன்னிப்பு

நான்கு வருடங்களுக்கு முன் மூளைக்காய்ச்சலில் விழுந்து எழும்பியபோது என் இரண்டு காதுகளும் போயிருந்தன. காது மெஷின் போட்டும் பார்த்தோம். இரைச்சல் மட்டும்தான் வந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜன்சியில் பதினெட்டு வருடம் டெலிபோன் எடுத்தவள் நான். திரும்ப வேலைக்குப் போனபோது ஃபைல் அறையில் ஒரு மேசை தந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் கடதாசித் துண்டில் எழுதித் தந்தார்கள். சொல்ல வேண்டியவைதான் நாளுக்கு நாள் குறைந்துபோயின.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது. சாப்பாட்டு மேசையில் கணவரும் மகளும் கதைத்துச் சிரிப்பார்கள். "என்ன, என்ன சொன்னீங்க?" என்று கேட்பேன். கணவரின் உதடுகள் எப்போதும் ஒரே மாதிரி அசையும். உதடு பார்த்துப் படிக்க நான் முதலில் பழகியது அதைத்தான்.

"ஒண்டுமில்ல, விடு."

மகளுக்கு டுபாயில் வேலை சரிவந்ததை, அவள் புது சூட்கேஸோடு வீட்டுக்கு வந்த அன்றுதான் அறிந்தேன். வீட்டில் அது மூன்று நாளாய்ப் பேசிய கதை. "சொன்னோமே" என்றார் கணவர். குசினிக்குள் போய் நின்று, இந்த மனுசனுக்கும் ஒரு நாளைக்காவது காது கேட்காமல் போகவேண்டும் என்று கடவுளிடம் கேட்டேன். மனதாரக் கேட்டேன்.

தவக்காலம் வந்தது. காது போன பிறகு, ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்கு நான் போகவில்லை. ஆனால் இந்தப் பாவம் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலுக்குப் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும், ஃபாதர் இருக்கும் மரக்கூட்டின் பக்கத்தில் முழங்காலிட்டேன். வலைத்தட்டிக்குப் பின்னால் ஃபாதரின் முகம் நிழலாய் மட்டும் தெரிந்தது. எனக்குக் காது கேட்காது என்பதைச் சொன்னேன். பிறகு பாவத்தைச் சொன்னேன், மெதுவாக, ரகசியமாக. அப்படித்தான் நினைத்தேன்.

கூட்டின் முன்பக்கத் திரைக்கு வெளியே ஃபாதரின் கை வந்து, சத்தத்தைக் குறை என்பதுபோல் மேலும் கீழும் அசைந்தது. திரும்பிப் பார்த்தேன். வரிசையில் நின்ற எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் குரலின் அளவு எனக்குத் தெரியாமல் போய்விட்டது என்பதை அந்த முகங்களில்தான் கண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர்கள் பார்வையை என்னிடமிருந்து எடுத்துக் கூட்டின் பக்கம் திருப்பினார்கள். இப்போது ஃபாதர் கத்துகிறார் என்று விளங்கியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எழும்பி வந்துவிட்டேன்.

கோயில் வாசலில், வரிசையில் நின்ற எங்கள் கீழ்வீட்டுப் பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். தன் பையில் இருந்த மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் ஃபாதர் சொன்னதை எழுதிக் காட்டினாள்: "அக்கா, ஒரு செபமாலை சொல்லட்டாம். அவரை மன்னிக்கட்டாம்." உதவி செய்த நிறைவு அவள் முகத்தில் இருந்தது. "தேங்க்ஸ்" என்றேன். அதையும் எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ.

அடுத்த நாள் கணவர் மார்க்கெட்டால் வந்து, மரக்கறிப் பையை வைக்காமலே போனில் எழுதி நீட்டினார்.

"நான் செவிடாகணும் எண்டு கேட்டியா?"

"ஓம்," என்றேன். "ஒரு நாளைக்கு மட்டும்."

அவர் மறுபடி எதையோ எழுதத் தொடங்கினார். விரல் நின்றது, எழுதியதை அழித்தார். பையைக் குசினியில் வைத்துவிட்டு வந்து, கதிரையில் முகத்தைத் தொங்கப்போட்டு இருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து ஒரு கிழமை, மேசையில் கதைப்பதையெல்லாம் போனில் எழுதிக் காட்டினார், தக்காளி விலை வரைக்கும். பிறகு மகள் பயணம் போனாள். வீட்டில் இருவர் மட்டும் ஆனபோது எழுதுவதும் நின்றது.

பெரிய வெள்ளிக்கு முந்தின கிழமை கோயில் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தேன்: வெளிச்சமான அறையில், முகம் பார்த்துப் பாவசங்கீர்த்தனம் செய்ய விருப்பம். புதிதாக வந்திருந்த இளம் ஃபாதர் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு, ஜன்னலுக்கு முதுகு காட்டி இருந்தார். வெளிச்சம் அவருக்குப் பின்னால் இருந்ததால் முகம் இருட்டாகத் தெரிந்தது. இடம் மாறி இருக்கச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டு உடனே மாறினார். நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். நான் சத்தம் போட்டபோது விரலை உதட்டில் வைத்து மெல்லச் சிரித்தார். அபராதமாக நான் சொல்லவேண்டிய செபங்களைத் தாளில் எழுதித் தந்தார்.

கடைசியில் பாவமன்னிப்புச் செபம். அதைச் சொல்ல அவர் தலையைக் குனிந்து, ஒரு கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டார். உதடுகள் முழுவதும் மறைந்துபோயின. அந்தச் சொற்களுக்காகத்தான் நான் வந்திருந்தேன். நிமிரச் சொல்லியிருக்கலாம். ஒரு தரம் கதிரை மாறச் செய்தாயிற்று. செபத்தின் நடுவில் இன்னொரு தரம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவருடைய மற்றக் கை உயர்ந்து சிலுவை வரைந்தது. முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு, "ஆமென்" என்றேன்.