பள்ளிக்கூடம் விடுகிற நேரம்

டீச்சரம்மா போய்ச் சேர்ந்த செய்தி எனக்குப் பள்ளிக்கூட வாசலில்தான் கிடைத்தது. பேத்தி மீனாவை அழைத்துப் போக எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். காவல்காரர் சாலையைத் தாண்டி வந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "பாபா, விஜயா மேடம் நஹீ ரஹீ" என்றார். இனி இல்லை என்கிறார் என்பது புரிந்தது. வேறு யாரையோ சொல்கிறார் என்றே முதலில் நினைத்தேன்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தில்லி மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த மகள் அமுதா, டீச்சர் நினைவாக நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள். டீச்சரோடு பழகிய நீங்கள் படிப்பீர்கள் என்பதால் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

மீனாவுக்கு ஆட்டிசம். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். முதலில் சேர்த்த பள்ளிக்கூடத்தில், "வீட்டில் தமிழ் வேண்டாம், இந்தி மட்டும் பேசுங்கள், குழந்தை குழம்புகிறது" என்றார்கள். அப்படியே செய்தோம். நான் கொத்தனார். என் இந்தியெல்லாம் "ஈட் லாவோ, ஜல்தி கரோ" தான். செங்கல் கொண்டுவா, சீக்கிரம். இதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைக் கொஞ்ச முடியுமா? வாயை மூடிக்கொண்டேன். தாத்தா, தண்ணி, வேணாம் என்று அவளிடம் இருந்த சில சொற்களும் போயின. அப்புறம் அந்தப் பள்ளிக்கூடமே அவளை வேண்டாமென்று அனுப்பிவிட்டது.

அமுதா கிட்வாய் நகரில் வீட்டுவேலை செய்கிறாள். அங்கே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதவளை விசாரித்துத்தான் எதிர்வீட்டு விஜயா டீச்சர் எங்களிடம் வந்தார். இப்படிப்பட்ட குழந்தைகளுக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிக்காரர். வந்தவர் மீனா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"பெரியவரே, வந்ததுல இருந்து பாக்குதேன், பேத்திகிட்ட ஒரு வார்த்தை பேசலியே. ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"தமிழ் பேசக்கூடாதுன்னுட்டாங்கம்மா."

"எந்த மகராசன் சொன்னான்?"

"பள்ளிக்கூடத்துல."

"தாத்தா வாயைக் கட்டிப்போட்டுட்டு, பிள்ள பேசலைன்னு வெளிய அனுப்பிட்டாங்களாக்கும்! நீங்க வாய் வலிக்கப் பேசுங்க. பள்ளிக்கூடத்த நாம தேடுவோம்."

அவர் தேடிய விதமே தனி. உள்ளே போய் யாரையும் கேட்க மாட்டார். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் நிற்பார். கையில் வேர்க்கடலைப் பொட்டலம். "காலையில எல்லாப் பள்ளிக்கூடமும் தலைசீவிப் பொட்டு வச்சிருக்கும். விடுற நேரத்துலதான் உள்ள முகம் தெரியும்" என்பார். முனிர்கா பக்கம் ஒரு பெரிய கட்டடம், கண்ணாடி மாதிரி மின்னியது. சக்கர நாற்காலிக்கென்று சாய்வுப் பாதையும் கட்டியிருந்தார்கள். அது நிறையப் பூந்தொட்டிகள். டீச்சர் சிரித்தார். "பூவுக்கெல்லாம் அட்மிஷன் கெடச்சிருக்கு, பெரியவரே. வாங்க போவோம்." இன்னொரு இடத்தில், மற்றப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு மீனாவைப் போன்ற பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக விட்டார்கள். அன்று அவர் சிரிக்கவில்லை. கடலையைக் கூடத் தின்னாமல் பையில் போட்டுக்கொண்டார்.

கடைசியில் ஒரு பழைய அரசுப் பள்ளிக்கூடம். சுவரில் காரை உதிர்ந்திருந்தது. என் கொத்தனார் கண்ணுக்கு அதுதான் முதலில் பட்டது. மணி அடித்ததும் கூட்டத்தில் ஒரு சிறுமி காதைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். கூட வந்த பெண் அவளைத் தள்ளவில்லை, இழுக்கவில்லை. அவள் பையைத் தான் வாங்கி மாட்டிக்கொண்டு, மணி ஓயும்வரை பேசாமல் நின்றாள். டீச்சர் என் தோளைத் தட்டினார். "இங்க கேப்போம்."

தலைமை ஆசிரியை தயங்கினார். ஒரு மாதம் பார்க்கிறோம், சரிப்படாவிட்டால் வருத்தப்படக்கூடாது என்றார். போக வேறு இடம் எங்களுக்கு இல்லை. டீச்சர் வாதாடி எனக்கு வராந்தாவில் ஒரு இடம் வாங்கிக் கொடுத்தார். என் வேலை ஒன்றுதான்: மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னலோரம் போய், "கண்ணு, இப்ப மணி அடிக்கும்" என்று தமிழில் சொல்வது. முதல் நாட்களில் சொல்லியும் ஓடினாள். பிறகு ஓடாமல் காதை மட்டும் பொத்தினாள். மாதம் முடியப்போகிற சமயம், டீச்சரும் வந்திருந்த ஒரு நாள், நான் ஜன்னலுக்குப் போவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது. "தாத்தா, மணி."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "போச்சு, உங்க வேலைக்கு ஆள் வந்தாச்சு. நாளையிலருந்து வாசல்ல நின்னாப் போதும்" என்றார்.

அன்றிலிருந்து வாசலில்தான் நிற்கிறேன். டீச்சர் போன மறுவாரம் ஒரு தகப்பன் என்னைத் தேடி வந்தார். தன் மகளுக்கும் இப்படித்தான், எந்தப் பள்ளிக்கூடம் நல்லதென்று கேட்டார். "பேர்ப்பலகை படிக்க எனக்குத் தெரியாது தம்பி. விடுற நேரத்துக்கு வாங்க, எதிர்ப்பக்கம் நிப்போம்" என்றேன். வேர்க்கடலை வாங்கிக்கொண்டு நின்றோம். டீச்சர் எனக்கு விட்டுப்போனது அந்த இடத்தைத்தான்.

மணி அடித்தது. தோழியோடு மீனா வெளியே வந்தாள். சாலையைத் தாண்டிப் போன என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா, ஜல்தி வா."