அங்கிளின் மடி

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு எமிலிக்கு ஆறு வயது. தினமும் காலையில் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "குட் மார்னிங், சங்கர்!" என்று கூவுவாள். எனக்கு நாற்பத்து நாலு. நரைத்த மீசையை வைத்துக்கொண்டு ஒரு வாண்டின் வாயால் பெயர் கேட்பது, இந்த ஊர்க் குளிரைவிடப் பழகச் சிரமமாக இருந்தது. எங்கள் ஊரான சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் காதோரம் நரை தெரிந்த அன்றே நான் அங்கிள். செல்போன் கடைக்காரனுக்கு, கல்லூரிப் பிள்ளைகளுக்கு, "அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்கிற இளம் கண்டக்டருக்கு, எல்லாருக்கும் அங்கிள். அங்கே அந்தச் சொல்லுக்கு உறவு தேவையில்லை, தொந்தியும் வழுக்கையும் போதும். அந்தப் பழக்கத்தில் எதிர்வீட்டு ஜானை ஒருநாள் மரியாதையாக "அங்கிள்" என்றுவிட்டேன். மனிதர் வெகுநேரம் யோசித்தார். பிறகு கவலையோடு, "எனக்கு உடன்பிறந்தவர்களே கிடையாதே" என்றார்.

பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தையின் புருஷன், சித்தியின் புருஷன் எல்லாரையும் ஆங்கிலம் ஒரே மூட்டையாகக் கட்டி அங்கிள் என்று எழுதி வைத்திருக்கிறது. அந்த மூட்டையை அவிழ்க்க வேண்டிய வேளை எனக்கும் வந்தது. ஊரில் என் அக்கா செல்விக்குக் கோமதி ஒரே மகள். ஐந்து வயதாகியும் காது குத்தவில்லை. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்துவார்கள். அக்காவுக்குத் தம்பி நான் ஒருவன்தான். ஒரு வருடம் விசா, மறு வருடம் வேலை என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். "ஏலே, எம்பிள்ள மூளிக் காதோடயே இருக்கணுமா? வேற ஆளு மடியில வைக்க மாட்டேன், சொல்லிட்டேன்" என்று அக்கா போனிலேயே அழுதாள்.

மறுநாள் அட்டைப்பெட்டி ஆலையில் என் மேலதிகாரி மார்கரெட்டிடம் லீவு கேட்டேன்.

"காது குத்தவா? என் மகளுக்குக் கடையில் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அந்தக் குழந்தைக்கு அப்பா இல்லையா?"

"இருக்கிறார்."

"அவர் என்ன செய்வார்?"

"பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார். பிள்ளை உட்காருவது என் மடியில்."

மார்கரெட் வாய்விட்டுச் சிரித்தாள். "அங்கிள் மடி இல்லாமல் ஊசி இறங்காதா?" என்றாள். இறங்கும், ஆனால் அந்த இடம் என்னுடையது என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு லீவுப் படிவத்தை எடுத்தாள். பத்து நாள் கொடுத்தாள்.

சங்கரன்கோவிலில் ரயிலை விட்டு இறங்கி அக்கா வீட்டுக்குப் போனேன். தெருவெல்லாம் தறிச் சத்தம். வாசலில் நின்ற கோமதி, பள்ளிக்கூடத்தில் பழக்கிய பவ்யத்தோடு, "வாங்க அங்கிள்" என்றாள். டண்டீயில் ஒரு வாயாவது அப்படிக் கூப்பிடாதா என்று ஏங்கியவனுக்கு அந்த அங்கிள் சுருக்கென்று தைத்தது.

"ஏட்டி, இது நம்ம மாமால்லா!" என்றாள் அக்கா.

கோமதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மாமா போன்லல்லா இருக்காவ" என்றாள்.

குலசாமி கோயிலில் அந்தக் குழப்பம் முற்றியது. மாலையும் கழுத்துமாக நான் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்க, "அங்கிள் மடி வேண்டாம்" என்று அவள் தன் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். "அண்ணாச்சி, நல்ல நேரம் போயிட்டிருக்கு" என்றார். அக்கா முகம் அழுகைக்குத் தயாரானது. அத்தனை பேர் முன்னால் நான் கூசிப்போனேன். மாமன் என்ற பதவியை மார்கரெட்டிடம் வாதாடி வாங்கிவிட்டேன், ஐந்து வயதுப் பிள்ளையிடம் எப்படி வாங்குவது?

கடைசியில் என் போனை எடுத்து அக்காவின் போனுக்கு வீடியோ கால் போட்டேன். திரையில் என் முகம் வந்ததும் கோமதி மலர்ந்தாள். "மாமா!"

இரண்டு போனும் அருகருகே இருந்ததில் ஒரே இரைச்சல். சத்தத்தை அணைத்துவிட்டோம். அக்கா தன் போனைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே பிடித்தபடி மெல்ல அவளை என் மடியில் உட்காரவைத்தாள். நான் என் போனைக் கைநீட்டிப் பிடித்துக்கொண்டேன். அவள் கனம் என் தொடையில் இருந்தது. எண்ணெய் வைத்த அவள் உச்சி என் தாடையில் இடித்தது. ஊசி இறங்கியது. "மாமா!" என்று வீறிட்டு, இரண்டு கையாலும் அக்காவின் போனை எட்டிப் பிடித்தாள்.

"இங்கனதான் இருக்கேன், மக்கா" என்றேன், அவள் காதுக்குப் பின்னாலிருந்து.

தேம்பிக்கொண்டே போனைப் பார்த்துத் தலையாட்டினாள்.