லேபிள் அக்கா ஒட்டாமல் விட்ட தட்டு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு லேபிள் அக்கா என்றுதான் பெயர். சேர்ந்த புதிதில் செய்த ஒரு வேலை வாங்கித் தந்த பட்டம் அது. இப்போது ஓய்வு பெறும் வயது நெருங்கிவிட்டது. புதிதாக வந்தவர்களுக்கு அவளுடைய சொந்தப் பெயரே தெரியாது.

அது என்ன வேலை என்றால், கிருமிகளுக்குப் பெயர் வைக்கிற பெரியவர்களுக்குக் கை சும்மா இருக்காது. பிளேக் நோயைக் கொண்டுவரும் கிருமியை முதலில் பாக்டீரியம் பெஸ்டிஸ் என்றார்கள். பிறகு பாசில்லஸ் பெஸ்டிஸ், அதற்கப்புறம் பாஸ்டுரெல்லா பெஸ்டிஸ். அதுவும் சரிப்படாது, இது வேறு குடும்பத்துப் பிள்ளை என்று சொல்லி யெர்சினியா பெஸ்டிஸ் ஆக்கினார்கள். பாஸ்டுரெல்லா என்ற பழைய வீடு கோழிக் காலரா கிருமிக்கும் அதன் சொந்தபந்தங்களுக்கும் என்று ஆனது. கிருமி தன் பாட்டுக்கு இருந்தது. அல்லாடியது என்னவோ லேபிள் ஒட்டுகிறவள்தான்.

அங்கே கிருமிகளை உலர்த்தித் தூளாக்கி, சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, வாயை உருக்கி மூடி வைப்பார்கள். அப்படி வைத்தால் பல வருஷம் தூங்கிக் கிடக்கும், சாகாது. பழைய பெயர் போட்ட பிளேக் குப்பிகளை எல்லாம் தேடி எடுத்து, புதுப் பெயரை ஒட்டி, பூட்டறைக்கு மாற்றும்படி அப்போதைய தலைவர் அவளிடம் சொன்னார். வாரக்கணக்கில் ஒட்டினாள். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து உரிந்தது. கடைசியாகச் சுவரோரத்துப் பழைய அலமாரியின் அடித்தட்டு மட்டும் மிஞ்சியது. அன்றைக்கென்று பார்த்து, அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் சினிமா டிக்கெட்டோடு வாசலில் வந்து நின்றார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அலமாரியைச் சாத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை படிக்கட்டிலேயே தலைவர் எதிர்ப்பட்டார்.

"எல்லாம் முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சது சார்."

வாய் முந்திக்கொண்டது. அவரோ அன்று மதியமே எல்லாரையும் கூட்டி அவளைப் புகழ்ந்து தள்ளினார். புகழ்ந்த பிறகு எந்த முகத்தோடு அந்தத் தட்டை வெளியே எடுப்பது? பூட்டறைச் சாவி வேறு அவரிடம் இருந்தது. கேட்டால் குட்டு உடைந்துவிடும். ஆறப்போட்டாள். கல்யாணம், பிள்ளைகள், வேலை உயர்வு என்று காலம் ஓடியது. தலைவரும் காலமானார். அந்தத் தட்டை மறந்துவிட்டதாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அலமாரியைக் கடக்கும்போது மட்டும் நடையைக் கொஞ்சம் எட்டிப் போட்டாள்.

அந்த அலமாரியைக் குடைந்தவன் ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்த மாப்பிள்ளை. சேர்ந்த கையோடு கல்யாணம் ஆனதால் அவனுக்கு அந்தப் பெயர். கோழி நோய் ஆராய்ச்சிக்குப் பழைய கிருமி ரகங்கள் தேவைப்பட, ஒரு குப்பியை எடுத்துவந்து சாதாரண மேசையில் வைத்தே கழுத்தை உடைத்தான். கண்ணாடி விரலைக் கிழித்துவிட்டது. கட்டுப்போட வந்தவள் லேபிள் அக்கா.

"என்ன குப்பிப்பா அது?"

"பாஸ்டுரெல்லான்னு போட்டிருக்கு, பக்கத்துல எழுதினது அழிஞ்சு போச்சு. கோழிக் கிருமிதானேக்கா. மிஞ்சிப் போனா நாளைக்குக் கொக்கரிப்பேன்."

"எங்கேருந்து எடுத்தே?"

"சுவரோரத்து அலமாரி. அடித்தட்டு."

அவள் கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டாள். அந்தத் தட்டில் கோழிக் கிருமியும் கலந்துதானே கிடந்தது, இது அதுவாகத்தான் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். "மேசையை மருந்து ஊத்தித் துடைச்சிடு. குப்பியை என்கிட்ட குடு, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இரண்டு மூன்று நாளில் மாப்பிள்ளைக்குக் காய்ச்சல். அக்குளில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். காயம் சீழ் பிடித்திருக்கும் என்று மருத்துவர் மாத்திரை கொடுத்ததாக டீ குடிக்கும் இடத்தில் பேசிக்கொண்டார்கள். அக்குள் வீக்கம் என்றதுமே அது பிளேக்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. சொன்னால், ஏன் ஒட்டவில்லை என்று கேட்பார்களே. சாயங்காலம் வீட்டில் கழுவின பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவினாள்.

"அதான் கழுவியாச்சே" என்றார் வீட்டுக்காரர்.

"சரியாப் போகலை" என்றாள்.

விடிந்ததும் மாப்பிள்ளையின் மனைவி போன் செய்தாள். "அக்கா, என்னையே யாருன்னு கேட்கறாருக்கா. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்."

அப்போதுதான் ஓடினாள். வராந்தாவிலேயே மருத்துவரை மறித்து, "அது கோழிக் கிருமி இல்லைங்க டாக்டர், பிளேக். பழைய பேர் போட்ட குப்பி" என்றாள்.

ஊசி மேல் ஊசி போட்டார்கள். உயிர் தங்கியது. ஆனால் அந்த ஊசி மருந்து அவன் வலது காதைத் தின்றுவிட்டது. ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் இவ்வளவு போட வேண்டியிருந்திருக்காது என்று மருத்துவர் யாரிடமோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அவளுக்குத்தான் இரண்டு காதும் நன்றாகக் கேட்குமே.

விசாரணை நடந்தது. பழி முழுக்கப் பெயரின் மேல் விழுந்தது. "இப்படி மாத்திக்கிட்டே இருந்தா யாருக்குத்தான் குழப்பம் வராது?" என்றார் இப்போதைய தலைவர். சரியான நேரத்தில் கண்டுபிடித்தாள் என்று லேபிள் அக்காவுக்குச் சால்வை வேறு. அதை அவள் பீரோவின் அடியில் திணித்தாள். வீட்டுக்காரரிடம் மட்டும் எல்லாவற்றையும் கொட்டினாள். "விடு, பொழைச்சுட்டான்ல" என்றார் அவர். அன்றைய சினிமாவின் கதை அவருக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. அவளுக்கு ஒரு காட்சிகூட நினைவில்லை.

மனசு அறுத்துக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்குப் போனாள். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா இல்லேன்னா இவர் இல்லை" என்று அவன் மனைவி கண் கலங்கிவிட்டு டீ போட உள்ளே போனாள். அக்கா நாற்காலியை இழுத்து அவனுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். ஒட்டாமல் விட்ட தட்டு, தலைவரிடம் சொன்ன பொய், பாத்திரம் கழுவிய சாயங்காலம், ஒன்று விடாமல்.

சொல்லி முடித்து நிமிர்ந்தாள். அவன் அப்போதுதான் திரும்பினான்.

"ஏதாவது சொன்னீங்களாக்கா? அந்தக் காது இப்ப வேலைக்காகாது. இந்தப் பக்கம் வாங்க."

எந்தக் காது என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும் என்று எழுந்து போய்விடலாம். வாசல் திறந்துதான் கிடந்தது.

எழுந்தாள். நாற்காலியைத் தூக்கி அவனுடைய இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்தக் குப்பிக்குப் பேர் மாத்த வேண்டியவ நான்தான்பா" என்று, இந்த முறை அவன் முகத்தைப் பார்த்து ஆரம்பித்தாள்.