பட்டுப்புடவையில் ஒரு ரவுண்டு

மயூர் விஹாரில் எங்கள் பிளாக்கின் வேப்பமரத்தடியில் இப்போது யாருடையதோ ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. டெல்லி முழுக்க நிற்கிற அதே கார். அந்த இடத்தில்தான் என்னுடைய மூன்று சக்கரக் கார் நின்றது. பால்கனிப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. ஃபைபர் உடம்பு, இஞ்சின் பின்பக்கம். ஒரு பக்கம் இரண்டு கதவு, மறுபக்கம் ஒன்றே ஒன்று. நம் நாட்டிலேயே கொஞ்ச காலம் செய்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். யாரோ கொட்டகையில் போட்டு வைத்திருந்ததை வாங்கி, ராசிக்கென்று மனைவி பெயரில் பதிவு செய்தேன். அவளோ அதில் ஏறவே மாட்டாள்.

"ஆட்டோவுல போனா ஆட்டோவுல வந்தோம்னு சொல்லிக்கலாம். இதுல வந்தா என்னன்னு சொல்றது?"

சிக்னலில் நின்றால், "அங்கிள், யே காடி ஹை யா ஆட்டோ?" என்று, இது காரா ஆட்டோவா எனக் கேட்காத ஆள் இல்லை. எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

என் இன்னொரு பைத்தியம் ஆரம்பகால விண்வெளிப் பயணங்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி ஆறுவதற்குள் ஒரு துணுக்காவது சொல்லிவிடுவேன். விண்வெளிக்குப் போன முதல் பெண்ணுக்குப் பற்பசை வைத்தவர்கள் பிரஷ் வைக்க மறந்துவிட்டார்கள் என்பேன். "திருச்சி போறப்ப நீங்க மறந்த மாதிரி" என்பாள் மனைவி. நான் அதிகம் சொன்னது விண்வெளிக்கு முதலில் அனுப்பிய அந்த மாஸ்கோ நாயின் கதை. தெருவில் பிடித்த நாய். அது திரும்பி வர வழியில்லை என்று அனுப்பியவர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒரு விஞ்ஞானி மட்டும், அனுப்புவதற்கு முன் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளோடு விளையாட விட்டாராம். "அந்தக் கூட்டத்துலயே மனுஷன்னா அவர் ஒருத்தர்தான்" என்று முடிப்பேன்.

பதினைந்து வயது தாண்டிய பெட்ரோல் வண்டி டெல்லியில் ஓடக் கூடாது. சான்று வாங்கி வேறு மாநிலத்துக்கு அனுப்பலாம். அனுப்புகிறேன், அனுப்புகிறேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். மனசு வரவில்லை. பக்கத்து பிளாக்குகளில் அதிகாரிகள் வந்து பழைய வண்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். குடியிருப்பு சொசைட்டிக்காரர்கள் அவளிடம்தான் வந்து வண்டியை எடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள், வண்டி அவள் பெயரில் அல்லவா. அவள் அதைச் சொல்ல வந்தால் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன டிசம்பரில் ஒரு ஞாயிறு காலை, "வாங்க, உங்க கார்ல ஒரு ரவுண்டு போலாம்" என்றாள். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. பட்டுப்புடவை வேறு. காலனி உள்ரோட்டிலேயே மெதுவாகச் சுற்றினோம். புகைமூட்டத்தில் எதிரில் வருவது தெரியவில்லை, ஹாரனை அவளே எட்டி எட்டி அமுக்கினாள். தமிழ் மெஸ் வாசலில் நிறுத்தி வண்டிக்குள்ளேயே இட்லி சாப்பிட்டோம். "உக்கார நல்லாத்தான் இருக்கு" என்றாள். அன்று நான் பேசிய பேச்சு! அந்த நாயின் கதையைக்கூட மறுபடி சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதைக்குத்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள், வண்டியை உடைக்க எடுத்துப்போகிறவர்கள் கீழே வந்து நின்றார்கள். முந்தின வாரமே அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். சங்கிலி மாட்டி இழுத்தபோது ஃபைபர் விரிசல் விட்ட சத்தம் இரண்டாவது மாடிவரை கேட்டது. நான் ஈரத் துண்டோடு நின்றேன்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொல்லியிருந்தா அந்த ஒரு ரவுண்டும் உங்களுக்கு இல்லாம போயிருக்கும். அந்த விஞ்ஞானி நல்லவர்னு நீங்கதானே சொல்வீங்க?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் தாங்கவில்லை. அவள் மேல் கோபப்படக்கூட எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

அந்தக் கதையை இப்போது யாரிடமும் சொல்வதில்லை. அந்த விஞ்ஞானியை நினைப்பதும் இல்லை. அவர் வீட்டில் பிள்ளைகளைச் சுற்றிச் சுற்றி வாலாட்டிய நாயைத்தான் நினைக்கிறேன். அதற்கு அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும். எனக்கும் அவ்வளவு சந்தோஷமாகத்தான் இருந்தது.